கொடிவழி – 9: பாதிரியார் கொண்டுபோன கறுப்புத் திராட்சை

1560 ஜனவரி 21. ஆண்டிஸ் மலைகளுக்கு நடுவே இருக்கும் குஸ்கோ நகரை விட்டு முந்தின நாள்தான் கிளம்பியிருந்தான் அந்த இளைஞன். வயது இருபது. அப்பா ஸ்பெயின் படைத்தலைவர். முந்தைய வருஷம்தான் இறந்துபோனார். அம்மா இன்கா அரச குடும்பத்துப் பெண். அப்பா பிறந்த நாட்டுக்குக் கப்பலேறப் போகிறான். வழியில் மார்காவாசி என்றொரு பண்ணை. அங்கே கங்காணியாக இருந்த அல்பொன்சோ வாயெஸ் என்ற போர்த்துக்கீசியர், வந்தவனைத் தோட்டம் முழுக்கச் சுற்றிக் காட்டினார். எங்கு பார்த்தாலும் குலை குலையாய்த் திராட்சை. ஆனால் சாப்பிட ஒரு கொத்துகூடக் கொடுக்கவில்லை.

பையனின் முகம் போன போக்கைப் பார்த்துக் கங்காணியே சமாதானம் சொன்னார். ஒரு பழத்தைக்கூடத் தொடக் கூடாது என்று முதலாளி பெத்ரோ லோபெஸ் டி கசாயா உத்தரவு போட்டிருந்தார். அவருடைய கண் ஒரு பரிசின் மேல் இருந்தது. கோதுமை, வாற்கோதுமை, ஒயின், ஒலிவ எண்ணெய் என்று ஸ்பெயினின் விளைபொருள்களைப் புதிய மண்ணில் குறிப்பிட்ட அளவுக்கு முதலில் எடுத்துக்காட்டுபவருக்கு, அரசுக் கஜானாவிலிருந்து இரண்டு வெள்ளிப் பாளங்கள் கிடைக்கும். ஒவ்வொன்றும் 300 டியூக்கட் பெறும். பழம் பிழிய முறையான ஆலைகூட அந்தப் பண்ணையில் கிடையாது. சாதாரண மரத்தொட்டியில் கொட்டி மிதித்தாவது ஒயின் எடுத்துவிட வேண்டும் என்பது திட்டம்.

அந்த இளைஞன்தான் பின்னாளில் இன்கா கார்சிலாசோ டி லா வேகா என்று பெயர் பெற்ற வரலாற்றாசிரியர். இன்காக்களைப் பற்றி அவர் எழுதிய நூல் 1609-இல் லிஸ்பன் நகரில் அச்சானது. இடையில் ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் ஓடியிருந்தன. போர்களையும் அரசர்களையும் பற்றி எழுதிய மனிதர், தனக்குக் கிடைக்காத அந்தத் திராட்சைக் கொத்தையும் மறக்காமல் எழுதிவைத்திருக்கிறார். கங்காணியின் பெயர் நமக்குத் தெரிவதே அந்தக் கஞ்சத்தனத்தின் புண்ணியத்தில்தான்.

இந்தத் தொடருக்கு வேண்டிய இன்னொரு செய்தியும் அதே நூலில் உண்டு. பெருவுக்கு முதலில் திராட்சையைத் தருவித்தவர் டொலேடோவைச் சேர்ந்த பிரான்சிஸ்கோ டி கரவாந்தெஸ் என்கிறார் கார்சிலாசோ. கொடி வாங்கிவர ஸ்பெயினுக்குப் போன ஆள், அவ்வளவு தூரத்திலிருந்து கொண்டுவந்தால் வாடிவிடும் என்று, கேனரித் தீவுகளிலேயே போத்துகளை வெட்டிக் கொண்டுவந்தாராம். அவை கறுப்புத் திராட்சை. அதனால் அந்த நாட்டில் விளைந்தது ஏறக்குறைய எல்லாமே கறுப்புத் திராட்சையாகிவிட்டது. ஆனாலும் அதன் ஒயின் முழுச் சிவப்பாக வருவதில்லை என்று சொல்லிவைக்கிறார்.

கறுப்புப் பழம், வெளிறிய ஒயின். இந்தப் பொருத்தமில்லாத பொருத்தம் எந்த ரகத்துக்கு உரியது என்பது திராட்சைக்காரர்களுக்குத் தெரியும். அதன் பெயர் லிஸ்டான் பிரியெட்டோ. ஸ்பெயினின் நடுவே இருக்கும் கஸ்டீலியப் பீடபூமியைச் சேர்ந்தது. டெம்ப்ரனியோ, கார்னாச்சா போன்ற சொந்தக்காரர்களுக்கு இருக்கும் புகழில் கால்வாசிகூட இதற்கு இல்லை. கொத்து பெரிது, பழம் நெருக்கமில்லாமல் தொங்கும். தோலில் சாயம் குறைவு, சாற்றில் புளிப்பு குறைவு, இனிப்பு மட்டும் தாராளம். புளிப்பு இல்லாத ஒயின் நாக்கில் எழுந்து நிற்காது, சீக்கிரம் கெட்டும்போகும். ஒயின் ரசிகரிடம் கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்.

விவசாயியிடம் கேட்டால் பதில் வேறு. வறட்சி தாங்கும். மண் எப்படி இருந்தாலும் பிழைத்துக்கொள்ளும். பந்தலோ கம்பியோ வேண்டாம். குட்டை மரம்போல் தண்டு தடித்துத் தன் காலில் நிற்கும். காய்ப்புக்குக் குறைவில்லை, நூறு ஆண்டு தாண்டியும் காய்க்கும். மாதக்கணக்கில் கப்பலிலும் கழுதையிலும் போய், பார்த்திராத ஒரு மண்ணில் ஊன்றப்படப் போகிற போத்துக்கு வேறென்ன தகுதி வேண்டும்? இதன் சுவையை மெச்சி யாரும் கடல் கடத்தவில்லை. சாகாது என்பதற்காகவே கொண்டுபோனார்கள்.

கொண்டுபோக வேண்டிய அவசியம் பலிபீடத்திலிருந்து வந்தது. கத்தோலிக்கத் திருப்பலிக்குத் திராட்சை ஒயின்தான் ஆக வேண்டும். வேறு பழச்சாறு எதுவும் செல்லாது. மக்காச்சோளத்திலிருந்தும் கற்றாழையிலிருந்தும் அமெரிக்க மக்கள் அருமையான மதுவகைகள் வடித்தார்கள். அவற்றால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது. ஸ்பெயினிலிருந்து பீப்பாய் வர வேண்டுமென்றால் விலை எகிறும். வந்து சேர்வதற்குள் பாதி காடியாகியிருக்கும். முதலில் கரீபியத் தீவுகளில் நட்டுப் பார்த்தார்கள். கொடிக்குக் கொஞ்சம் குளிரும் ஓய்வும் வேண்டும். அந்தப் புழுக்கத்தில் அது தேறவில்லை.

மெக்சிகோவைப் பிடித்த எர்னான் கோர்தெஸ் 1524-இல் ஒரு சட்டம் போட்டார். பழங்குடி மக்களைக் கட்டாய உழைப்புக்குப் பெற்றிருந்த ஒவ்வொரு ஸ்பானியரும், நூறு பேருக்கு ஆயிரம் கொடி என்ற கணக்கில் ஆண்டுதோறும் நட வேண்டும். ஐயாயிரம் ஆகும்வரை விடக் கூடாது. இந்தக் கணக்கைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். நிலத்தின் பரப்பு எவ்வளவு என்று சட்டம் கேட்கவில்லை. கைவசம் எத்தனை ஆட்கள் என்றுதான் கேட்டது. அமெரிக்க ஒயினின் முதல் அளவுகோலே அடிமைப்பட்ட மனிதர்களின் தலைக்கணக்குதான். அடுத்த முந்நூறு ஆண்டுகளுக்கு இந்தத் திராட்சை எங்கெல்லாம் போனதோ, அந்தக் கணக்கும் கூடவே போனது.

பெருவில் அதற்கு அடித்தது யோகம். 1545-இல் இன்றைய பொலிவியாவில், ஏறக்குறைய 4,000 மீட்டர் உயரத்தில், பொட்டோசி என்ற மலையே வெள்ளியாக இருப்பது தெரியவந்தது. அடுத்த அரை நூற்றாண்டில் அங்கே ஒரு லட்சம் பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். புல்கூடச் சரியாக முளைக்காத குளிர் மலை. ஆனால் கையில் வெள்ளி. கீழே பசிபிக் கரையில், இக்கா, நாஸ்கா, மொக்கேகுவா என்று பாலைவனத்தை ஊடறுத்து ஓடும் ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இந்தக் கறுப்புத் திராட்சை பொங்கி வளர்ந்தது. ஒயினைக் கழுத்துக் குறுகிய மண்சாடிகளில் ஊற்றுவார்கள். சாடி ஒழுகாமல் இருக்க உள்ளே கீல் பூசியிருக்கும். கோவேறு கழுதைகளும் லாமாக்களும் அதைச் சுமந்து மலையேறும். போய்ச் சேரும் ஒயினில் திராட்சை மணத்தைவிடக் கீல் மணம் தூக்கலாக இருந்தால் ஆச்சரியமில்லை. சுரங்கத்திலிருந்து ஏறிவந்தவனுக்கு அதெல்லாம் பொருட்டா?

கடலுக்கு இந்தப் பக்கம் ஒயின் பெருகப் பெருக, அந்தப் பக்கம் ஸ்பெயின் வியாபாரிகளுக்கு வயிறு எரிந்தது. 1595-இல் மன்னர் இரண்டாம் பிலிப் பெருவில் புதிதாகக் கொடி நடக் கூடாது என்று தடை போட்டார். வெள்ளிப் பாளம் கொடுத்து நடச் சொன்ன அரசு, இரண்டு தலைமுறை கழித்து நடாதே என்கிறது. மாட்ரிட்டின் உத்தரவு லிமாவுக்கு வந்துசேரவே மாதங்கள் ஆகும். சேர்ந்தபின் அதை மதிப்பவர் யார்? நட்டுக்கொண்டே இருந்தார்கள். அரசும் கடைசியில் வரி வசூலித்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டது.

மன்னரால் முடியாததை மலை செய்தது. 1600 பிப்ரவரி 19 அன்று வாய்னாபுட்டினா எரிமலை வெடித்தது. தென்னமெரிக்காவின் எழுதப்பட்ட வரலாற்றில் இதைவிடப் பெரிய வெடிப்பு கிடையாது. மொக்கேகுவா, அரெக்கிபா பக்கத்துத் தோட்டங்கள் சாம்பலில் புதைந்தன. (அந்தத் தூசு வானத்தில் பரவி, அடுத்த ஆண்டே ரஷ்யாவில் பயிர் விளையாமல் பெரும் பஞ்சம் வந்தது என்பது தனிக் கதை.) ஆனாலும் கொடி போகவில்லை. சாம்பலை வாரிக் கொட்டிவிட்டு மறுபடி நட்டார்கள்.

நாஸ்காவில் 17-ஆம் நூற்றாண்டில் பெரிய தோட்டக்காரர்கள் இயேசு சபையினர். அங்கே உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகள், நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். 1767-இல் மன்னர் இயேசு சபையையே தம் நாடுகளிலிருந்து துரத்தினார். தோட்டங்கள் அரசுக்குப் போயின, அடிமைகளையும் சேர்த்து.

பெருவிலிருந்து தெற்கே சிலிக்கும், அங்கிருந்து மலை தாண்டி அர்ஜென்டினாவுக்கும் இதே கொடி போனது. 1578 கடைசியில் ஆங்கிலேயக் கடற்கொள்ளையர் பிரான்சிஸ் டிரேக் வால்பரைசோ துறைமுகத்தில் நின்ற கப்பலைச் சூறையாடியபோது, அதில் தங்கத்தோடு சிலி ஒயினும் ஏராளமாக அகப்பட்டது. அதற்குள் அவ்வளவு உற்பத்தி. பொலிவியாவின் சிந்தி பள்ளத்தாக்கில் மட்டும் வளர்ப்பு முறை விசித்திரம். கொடியை மோயே மரங்களில் ஏற்றிவிட்டார்கள். அறுவடைக்கு மரம் ஏற வேண்டும். இன்றும் அந்தக் கொடிகளில் சில உயிரோடு இருக்கின்றன.

வடக்குப் பக்கம் கதை மெதுவாக நகர்ந்தது. மெக்சிகோவின் பார்ராஸில் 1597-இல் தொடங்கிய சான் லொரென்சோ பண்ணை, காசா மதேரோ என்ற பெயரில் இன்னும் ஒயின் செய்கிறது. இரு அமெரிக்கக் கண்டங்களிலும் அதைவிடப் பழைய ஒயின் நிறுவனம் இல்லை. அங்கிருந்து கலிபோர்னியாவுக்குக் கொடி போய்ச்சேர ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் பிடித்தன. பிரான்சிஸ்கன் துறவி ஹூனிபெரோ செர்ரா 1769-இல் சான் டியேகோவில் முதல் மிஷனைத் தொடங்கினார். திருப்பலிக்கு ஒயின் இல்லை, அனுப்புங்கள் என்று மெக்சிகோவுக்குக் கடிதம் எழுதுவதே அவருக்குப் பாதி வேலையாயிற்று. 1779 மார்ச்சில் சான் ஹுவான் கபிஸ்ட்ரானோ மிஷனின் துறவி அவருக்கு எழுதிய கடிதத்தில்தான், தெற்கேயிருந்து வந்த கொடிகளை ஊன்றியாயிற்று என்ற செய்தி வருகிறது. முதல் ஒயின் 1780-களின் தொடக்கத்தில் கிடைத்திருக்க வேண்டும். செர்ராவே முதல் நாளில் கொடியை நட்டார் என்ற கதை கலிபோர்னியாவில் வெகுகாலம் உலவியது. அவருடைய புலம்பல் கடிதங்கள் பத்து ஆண்டுகள் நீளாமல் இருந்திருந்தால் நம்பியிருக்கலாம்.

மிஷன் தோட்டங்களில் பெரியது, இன்றைய லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் பக்கத்திலுள்ள சான் காப்ரியேல். அங்கே ஒயின் எடுத்த விதத்தைப் பழைய கலிபோர்னியக்காரர் ஒருவர் தம் நினைவுக் குறிப்பில் விவரித்திருக்கிறார். மேடு பார்த்துப் பரண் கட்டி, அதன் மேல் சுத்தம் செய்த மாட்டுத்தோலை விரித்து, பழத்தைக் கொட்டுவார்கள். நன்றாகக் குளித்து, கோவணம் மட்டும் கட்டி, தலைமுடியை இறுகக் கட்டிய பழங்குடி ஆண்கள் அதன் மேல் ஏறி மிதிப்பார்கள். வியர்வை சாற்றில் சொட்டாமல் துடைத்துக்கொள்ளக் கையில் துணி. சறுக்கி விழாமல் இருக்க ஊன்றுகோல் ஒன்று. வழியும் சாறு தோல் பைகளிலும் தொட்டிகளிலும் சேரும்.

மிதித்தவர்கள் டோங்வா இன மக்கள். அது அவர்களுடைய மண். ஞானஸ்நானம் பெற்ற பின் மிஷனை விட்டுப் போக அனுமதியில்லை; தப்பிப் போனால் பிடித்துவந்து கசையடி. 1785-இல் தொய்புரினா என்ற டோங்வாப் பெண் சான் காப்ரியேலுக்கு எதிராக ஒரு கலகத்துக்குத் துணை நின்றாள்; பிடிபட்டு நாடு கடத்தப்பட்டாள். பாடப்புத்தகங்களில் வருகிற மிஷன் படங்களில் மணிக்கூண்டும் ரோஜாச் செடியும் இருக்கும். அந்தக் கசையை யாரும் வரைவதில்லை.

புளிப்பில்லாத சாறு கெடாமல் இருக்க மிஷன்காரர்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். சாறு நொதிக்கத் தொடங்கும் முன்போ, தொடங்கிய கொஞ்ச நேரத்திலோ அதில் பிராந்தியை ஊற்றிவிடுவது. சாராயம் ஏறினால் ஈஸ்ட் செத்துப்போகும், இனிப்பு அப்படியே நிற்கும், ஆண்டுக்கணக்கில் கெடாது. ஏஞ்சலிக்கா என்று அதற்குப் பெயர். என்னைக் கேட்டால், இந்தத் திராட்சையின் மேல் விழுந்த பழியில் பாதி, அதைச் சாதாரண ஒயினாக்கப் பிடிவாதம் பிடித்தவர்களுக்குச் சேர வேண்டியது. இனிப்பு ஒயினாக்கியவர்களிடம் அது நன்றாகவே நடந்துகொண்டது.

1830-களில் மெக்சிகோ அரசு மிஷன்களின் சொத்துகளைப் பறித்துப் பிரித்தது. தோட்டங்கள் தனியார் கைக்குப் போயின. 1848-இல் கலிபோர்னியாவே அமெரிக்காவிடம் போனது. உடனே தங்க வேட்டை. கூட்டம் கூட்டமாக வந்த தங்கத்தேடிகளுக்குக் குடிக்க வேண்டுமே. கொடி அதே கொடி, வேலைக்காரர்களும் அதே பழங்குடிகள். 1850-இல் புதிய மாநிலத்தின் முதல் சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. பழங்குடிகளைப் பாதுகாக்க என்று அதன் தலைப்பு சொன்னது. குடித்தார், வேலையில்லாமல் திரிந்தார் என்று ஒருவரைப் பிடித்துவிட்டால் அவருடைய உழைப்பை ஏலம் விடலாம் என்று உள்ளே இருந்தது.

லாஸ் ஏஞ்சல்ஸில் இது வாராந்திர வழக்கமானது. ஞாயிற்றுக்கிழமை மாலை தெருவில் கிடப்பவர்களை அள்ளிப் பட்டியில் அடைப்பார்கள். திங்கள் காலை தோட்டக்காரர்கள் வந்து ஏலம் எடுப்பார்கள். வாரம் முழுக்கத் தோட்ட வேலை. கூலியில் பெரும்பகுதியைத் திராட்சைச் சாராயமாகவே கொடுப்பார்கள். அதைக் குடித்தவர் மறுபடி ஞாயிறு மாலை தெருவில் கிடப்பார். அந்தக் காலத்தில் அங்கே வாழ்ந்த ஹொரேஸ் பெல் என்ற வழக்கறிஞர் தம் நினைவு நூலில், நியூ ஆர்லியன்ஸைப் போலவே லாஸ் ஏஞ்சல்ஸிலும் ஓர் அடிமைச் சந்தை இருந்ததென்று எழுதினார். ஒரே வித்தியாசம், இங்கே ஒரே ஆளை ஆண்டுக்கு ஐம்பத்திரண்டு தடவை விற்க முடிந்தது. ஓரிரு ஆண்டுகளில் உயிரே போய்விடும். பறிப்பதும் அவர்கள், மிதிப்பதும் அவர்கள், அந்தத் திராட்சையின் சாராயத்தால் செத்ததும் அவர்கள்.

தோட்டங்களுக்கும் முடிவு வந்தது. லாஸ் ஏஞ்சல்ஸுக்குத் தெற்கே அனாஹெய்ம் என்ற ஊரை 1857-இல் ஜெர்மானியக் குடியேறிகள் திராட்சைக்காகவே உருவாக்கியிருந்தார்கள். நட்டதும் பெரும்பாலும் இதே ரகம். 1880-களில் அங்கே இலைகள் ஓரத்திலிருந்து தீய்ந்தன, பழம் கொடியிலேயே வற்றியது, சில ஆண்டுகளில் தோட்டங்கள் மொத்தமாகச் செத்தன. ஆராய வந்த நியூட்டன் பியர்ஸ் 1892-இல் அறிக்கை கொடுத்தார். காரணி அகப்படவில்லை, நோய்க்கு மட்டும் பின்னாளில் அவருடைய பெயர் ஒட்டிக்கொண்டது. சாறுண்ணிப் பூச்சிகள் பரப்பும் ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று தெரிய 1970-கள் ஆயிற்று. அனாஹெய்ம்காரர்கள் திராட்சையைப் பிடுங்கிவிட்டு ஆரஞ்சுக்கு மாறினார்கள். 1955-இல் ஆரஞ்சையும் பிடுங்கிவிட்டு அங்கே டிஸ்னிலேண்ட் வந்தது.

இதற்குள் ஊருக்கு ஒரு பெயர் இந்தக் கொடிக்கு. கலிபோர்னியாவில் மிஷன், சிலியில் பாயிஸ், அர்ஜென்டினாவில் கிரியோயா சிக்கா, பெருவில் நெக்ரா கிரியோயா. எல்லாம் ஒன்றுதானா, உறவா, வேறு வேறா என்று நூறு ஆண்டுகளுக்கு மேல் வாதம் நடந்தது. சார்டினியத் தீவின் மோனிக்காதான் இது என்று அடித்துச் சொன்னவர்களும் உண்டு. ஸ்பெயினில் போய்த் தேடலாமென்றால் அங்கே யாருக்கும் இதைத் தெரியவில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பிலாக்சரா என்ற வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் தோட்டங்களை அழித்த கதையைச் சென்ற பகுதிகளில் பார்த்தோம். திரும்ப நட்டபோது நல்ல விலை போகும் ரகங்களைத்தான் நட்டார்கள். சாயமற்ற, புளிப்பற்ற இந்த ஏழைச் சொந்தக்காரனுக்கு ஸ்பெயினில் இடமில்லாமல் போய்விட்டது.

வழக்கைத் தீர்த்தது மாட்ரிட்டில் உள்ள தேசிய உயிரித்தொழில்நுட்ப மையம். தென்னமெரிக்காவின் பழைய கொடிகளையும் ஸ்பெயின் ரகங்களையும் மரபணு வழியாக ஒப்பிட்டு, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். மிஷன், பாயிஸ், கிரியோயா சிக்கா, நெக்ரா கிரியோயா எல்லாம் ஒரே கொடி. அதே கொடி கேனரித் தீவுகளில் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது, லிஸ்டான் பிரியெட்டோவாக. பிலாக்சரா அதுவரை அந்தத் தீவுகளுக்குப் போகவில்லை. கரவாந்தெஸின் ஆள் அங்கேதான் போத்து வெட்டினார் என்று கார்சிலாசோ 1609-இலேயே சொல்லியிருந்தார். ஆய்வகம் அவர் பக்கம் சாய்ந்து நிற்க நானூறு ஆண்டுகள் ஆயின. (கேனரியில் லிஸ்டான் நெக்ரோ என்று இன்னொரு ரகம் அதிகம் உண்டு. பெயர் ஒற்றுமையைப் பார்த்து இரண்டையும் ஒன்றென்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.)

மரபணுச் சோதனை ஒரு பக்தியையும் கலைத்தது. சான் காப்ரியேல் மிஷனில் பெரும் பந்தலாகப் படர்ந்திருக்கும் பழைய கொடியைத் தாய்க்கொடி என்று போற்றுவார்கள்; கலிபோர்னியத் திராட்சைக்கெல்லாம் மூலம் என்று அதைப் படமெடுக்காத பயணி கிடையாது. சோதித்தால், அது ஸ்பெயின் கொடியே இல்லை. தெற்குக் கலிபோர்னியாவின் காட்டுத் திராட்சையும் மிஷன் திராட்சையும் கலந்து பிறந்த கலப்பு. லாஸ் ஏஞ்சல்ஸின் பழைய வீடான அவிலா அடோபியில் படர்ந்திருக்கும் கொடியும் அதே வாரிசுதான். ஸ்பானியத் தந்தைக்கும் இன்காத் தாய்க்கும் பிறந்த கார்சிலாசோ இருந்திருந்தால் இதை ரசித்திருப்பார்.

இன்று இந்தக் கொடி அதிகமாக இருப்பது சிலியின் தெற்கே, மாவுலே, இத்தாத்தா, பியோபியோ ஆறுகளின் பக்கம். பிலாக்சரா சிலிக்கும் போகவில்லை. அதனால் கொடிகள் ஒட்டுப் போடாமல் சொந்த வேரில் நிற்கின்றன, இருநூறு ஆண்டுகள் கடந்தவை என்று சொல்லப்படுபவை உட்பட. சிறு விவசாயிகள் மூங்கில் போன்ற கோலிவே குச்சிகளை வரிசையாகக் கட்டிய ஒரு தட்டியைத் தொட்டியின் மேல் போட்டு, குலையை அதில் வைத்துக் கையால் தேய்க்கிறார்கள். பழம் உதிர்ந்து உள்ளே விழும், காம்பு மேலே தங்கும். சரண்டா என்கிறார்கள் அந்தத் தட்டியை. அதில் வருவது பிப்பேன்யோ என்ற இளம் ஒயின். வடித்த ஆண்டிலேயே குடித்துத் தீர்ப்பது. அண்மைக் காலமாகப் பெரிய நிறுவனங்களும் வெளிநாட்டு ரசிகர்களும் இதைத் தேடி வருகிறார்கள். வெளிறிய நிறம், லேசான உடல் என்று முன்பு திட்டிய அதே குணங்களை இப்போது மெச்சுகிறார்கள். 2023 பிப்ரவரியில் அந்தப் பகுதியில் காட்டுத்தீ பரவியபோது பழைய கொடிகள் பல எரிந்துபோயின.

சிலியில் பாயிஸ் திராட்சை கீழ்த்தரமென்று பெயர் வாங்கியதற்குக் காரணமானவர் ஒரு பணக்காரர். 1851-இல் சில்வெஸ்த்ரே ஒச்சாகாவியா பிரான்சிலிருந்து உயர்ரகக் கொடிகளைத் தருவித்துத் தம் பண்ணையில் நட்டார். பத்து இருபது ஆண்டுகளில் சாந்தியாகோ சீமான்கள் அத்தனை பேரும் அவரைப் பின்பற்றினார்கள். அந்தக் கப்பலில் வந்த கொடிகளில் ஒன்று, தன் உண்மைப் பெயரை மறைத்து நூறு ஆண்டுகளுக்கு மேல் மெர்லோ என்ற பெயரிலேயே வாழ்ந்தது. அடுத்த பகுதி அதைப் பற்றி.

(தொடரும்)